தடைசெய்யப்பட்ட பயனர்: தாழம்பூ

ஜூன் 3, செவ்வாய்

தண்டபாணி சார் இன்று என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இந்த மில்லில் சேர்ந்த இரண்டே கால் வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொல்வது இது இரண்டாவது முறை. முதல் முறை, வேலைக்கு வந்த அன்று. அன்று என் பி.காம். சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மூன்று வருடம் முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். அதனால் இன்று நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தேன்.

விஷயம் அவ்வளவு பயங்கரமில்லை. பதினான்காம் தேதி எங்கள் அருள்வடிவு மில்லுக்கு இருபத்தைந்தாம் ஆண்டு விழா. 'பொதுப்பலகை' என்று ஓர் இணையச் செய்தித்தளம் இருக்கிறதாம். அதில் நிருபரும் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் செய்தி எழுதலாம், இன்னொருவர் எழுதியதைத் திருத்தலாம். ஒட்டன்சத்திரம் சாலையில் இருக்கும் இன்னொரு மில்லைப் பற்றி அதில் வந்துவிட்டது. எங்கள் முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"கூகிள்ல தட்டுனா மொதல்ல அதாம்மா வருது. நம்மளப் பத்தி ஒரு வரி இல்ல. ஓசிதான? நீ எழுதிப் போட்டுரு" என்றார் தண்டபாணி சார். ஆள் எடுப்பது, ஆளை அடக்குவது, போலீஸ் வந்தால் டீ வாங்கிக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. போர்டில் 'மேலாளர், மனிதவளம்' என்று இருக்கும்.

ஒரு தாளும் கொடுத்தார். முதலாளி 'தொழில் மேதை', 'கல்விக் காவலர்', 'ஏழைகளின் இதயத்துடிப்பு'. யார் எழுதியது என்று கேட்டேன். முதலாளியே சொல்லச் சொல்ல இவர் எழுதினாராம். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை எவ்வளவு நீளம் வேண்டும்!

ஜூன் 4, புதன்

'அருள்வடிவு மில்ஸ்' என்று பயனர் பெயர் வைத்து, தாளில் இருந்ததை அப்படியே அடித்துப் போட்டேன். பதினோரு நிமிடத்தில் காணோம். நெட் பிரச்சினை என்று நினைத்து மறுபடி போட்டேன். மூன்று நிமிடத்தில் காணோம். மூன்றாவது தடவை ஒரு கடிதம் வந்தது.

"வணக்கம். பொதுப்பலகைக்கு வரவேற்கிறோம். நிறுவனத்தின் பெயரைப் பயனர் பெயராக வைக்க முடியாது. இங்கே எழுதுபவர் ஒரு மனிதராக இருக்க வேண்டும். நீங்கள் இட்டது விளம்பரம் என்பதால் நீக்கியிருக்கிறேன். 'ஏழைகளின் இதயத்துடிப்பு' என்பதற்குச் சான்று தர முடியுமா? – கற்பூரவள்ளி."

இதயத்துடிப்புக்குச் சான்றாம். முதலாளிக்கு ஈசிஜி எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சம்பளம் இல்லாமல் இந்த வேலையைப் பார்க்கும் ஆளுக்கு வீட்டில் வேறு வேலையே இருக்காதா?

மதியம் சாம்பாரில் முருங்கைக்காய் இருந்தது. அதிசயம்.

ஜூன் 6, வெள்ளி

'தாழம்பூ' என்று புதுப் பெயர் வைத்து, மில் விழாச் செய்தியை மறுபடி போட்டேன். கற்பூரவள்ளிக்குத் தாழம்பூ பொருத்தம்தானே. பழைய கதையை மறக்காமல் கற்பூரவள்ளி என் பேச்சுப் பக்கத்துக்கே வந்துவிட்டார். பேச்சுப் பக்கம் என்பது ஒவ்வொரு பயனருக்கும் தளத்தில் இருக்கும் தனிப்பக்கம். நம்மிடம் யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அங்கே எழுதுவார்கள், நாமும் அங்கேயே பதில் எழுதலாம். ஊரே படிக்கலாம்.

அவர் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது: சிறந்த, மகத்தான, தன்னலமற்ற என்பவை செய்தி இல்லை. எது நடந்தது, எப்போது, எங்கே, யார் சொன்னார்கள் என்பதுதான் செய்தி. நாம் கண்ணால் பார்த்தது வேறு, கேட்டது வேறு. கேட்டதை எழுதினால் சொன்னவர் பெயரைப் போட வேண்டும். இரண்டு பக்கம் இருந்தால் இரண்டையும் போட வேண்டும். நம் சொந்தக்காரர், நம் முதலாளி, நம் கடை பற்றி நாமே எழுதக்கூடாது. எழுதியே ஆக வேண்டுமென்றால் அந்த உறவை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் ஒரு கேள்வி: "நீங்கள் அருள்வடிவு மில்லில் பணிபுரிகிறீர்களா? ஆம் என்றால் தவறில்லை. பயனர் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், போதும்."

சாரிடம் காட்டினேன். "இல்லன்னு போடும்மா. அவன் என்ன வந்து ஆதார் கார்டா பாக்கப் போறான்?" என்றார்.

"இல்லை. நான் பக்கத்து ஊரில் வசிக்கும் வாசகி" என்று போட்டேன். பக்கத்து ஊர் என்பது முழுப் பொய் இல்லை. மில் காம்பவுண்டு எந்த ஊர் எல்லையில் வருகிறது என்று எனக்கு இன்னமும் சரியாகத் தெரியாது.

ஜூன் 10, செவ்வாய்

சும்மா கை பழகட்டும் என்று காலை ஏழரை மணி டவுன் பஸ் நிற்கும் இடம் மாறியதைப் பற்றி ஐந்து வரி எழுதினேன். டிரைவரிடம் கேட்டு, காய்கறிக்கார அம்மாவிடம் கேட்டு, இரண்டு பேர் பெயரையும் போட்டேன். அரை மணியில் கற்பூரவள்ளி எழுதினார்: "நல்ல செய்தி. ஒரு சொல்கூட மாற்றவில்லை."

இதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கல்லூரியை விட்ட பிறகு என்னை யாரும் எதற்கும் நன்றாகச் செய்தாய் என்று சொன்னதில்லை.

அம்மா போன் செய்தாள். கரூரில் ஒரு வரன். மாப்பிள்ளை தங்கமானவர் என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். மாப்பிள்ளையின் சித்தி சொன்னாளாம். "அப்படின்னா, தங்கமானவர் என்று மாப்பிள்ளையின் சித்தி தெரிவித்தார்னு சொல்லும்மா" என்றேன். ஏண்டி உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா என்று போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

கார்டிங் பிரிவில் வேலை செய்யும் இசக்கியம்மாள் லீவு கேட்டு வந்தாள். பஞ்சைச் சீவும் எந்திரங்கள் இருக்கிற பிரிவு அது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது. எப்போது பார்த்தாலும் ஈரத் தலைதான். குளியலறை வரிசையில் கடைசியாக நின்று, குளித்த சூட்டோடு ஷிஃப்டுக்கு ஓடுவாள்.

"ஏக்கா, பதினேழாந் தேதி எங்க மைனிக்கு வளைகாப்பு. நாலு நா லீவு வேணும்க்கா. பதினாறுல இருந்து பத்தொம்பது. வளையல நாந்தான் அடுக்கணும்னு மைனி சொல்லுதா."

சார் மறுத்துவிட்டார். ஏற்றுமதி ஆர்டர் இருக்கிறதாம். 'அனுமதி இல்லை' என்ற ரப்பர் ஸ்டாம்ப் என் மேஜையில்தான் இருக்கிறது. குத்திக் கொடுத்தேன். அவள் தாளைப் பார்த்துவிட்டு, "எழுத்து அழகா இருக்குக்கா" என்றாள். கிண்டலா, நிஜமா தெரியவில்லை.

இங்கே முந்நூறு பெண்கள். மாதம் ஒரு ஞாயிறுதான் வெளியே போகலாம், அதுவும் வார்டன் கூட வர. சிம் கார்டு கூடாது. மாலை ஏழிலிருந்து எட்டுவரை கைப்பேசியைக் கையில் கொடுப்பார்கள், விடுதி வைஃபையில் வீட்டுக்குப் பேசிக்கொள்ளலாம். நானும் இதே விடுதியில்தான் தங்குகிறேன். ஆபீஸ்காரி என்பதால் சிம்மோடு கைப்பேசி என்னிடமே இருக்கிறது. அதனாலேயே நான் வேறு, அவர்கள் வேறு என்று பல நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

விழா நேற்று நடந்தது. பொதுப்பலகையில் என் செய்தி நான்கு வரியில் வந்துவிட்டது. மில் தொடங்கிய ஆண்டு, வேலை செய்பவர்கள் எத்தனை பேர், விழாவுக்கு வந்தவர்கள், மரக்கன்று நட்டது. அவ்வளவுதான். "மேதை எங்கம்மா? காவலர் எங்கம்மா?" என்று சார் திரையில் மேலும் கீழும் தேடினார். போகட்டும், கூகிளில் வருகிறது என்று சமாதானமானார்.

நான்கு வரியிலும் பொய் இல்லை. எழுதியவள் யார் என்பதில்தான் பொய்.

ஜூன் 18, புதன்

கார்டிங்கில் ஒரு பெண்ணுக்குக் கையில் அடி. டைப் செய்யச் சொன்னதை டைப் செய்தேன். தலைவலி.

ஜூன் 19, வியாழன்

இசக்கிக்குத்தான். வலது கை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

நேற்று மாலை மேஸ்திரி ஒரு சீட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். 'கார்டிங் 3, மாலை 4.20, வலது கை' என்று எழுதியிருந்தது. விபத்துப் பதிவுக்கு அதுதான் ஆதாரம். நான் அடித்துக்கொண்டிருக்கும்போது சார் வந்து பின்னால் நின்றார். "கார்டிங் வேணாம். விடுதி பாத்ரூம் கதவுல நசுங்கிருச்சுன்னு போடு" என்றார். கதவு என்று அடித்தேன். "அந்தச் சீட்டு?" என்றார். கிழித்துக் கூடையில் போட்டேன். அவர் போடச் சொல்லவில்லை. கேட்டார், நானே கிழித்தேன்.

எந்திரத்தில் அடிபட்டால் தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், எந்திரம் ஓடும்போதே பஞ்சைத் துடைக்க ஏன் விட்டீர்கள் என்று கேட்பார். கதவென்றால் கேட்க ஆளில்லை. மில் செலவில் பார்க்கும் வைத்தியமும் நாலு நாளில் நின்றுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன்.

லீவு கொடுத்திருந்தால் நேற்று அவள் ஊரில் இருந்திருப்பாள்.

ஜூன் 20, வெள்ளி

பொதுப்பலகையில் வந்துவிட்டது. மருத்துவமனையில் இசக்கியைப் பார்த்த யாரோ போட்டிருக்கிறார்கள்: 'அருள்வடிவு மில்லில் பெண் தொழிலாளியின் விரல்கள் துண்டிப்பு.' சார் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை, அதுவும் என் தட்டில்.

தாழம்பூ பெயரில் 'மில்லில்' என்பதை 'விடுதிக் குளியலறையில்' என்று மாற்றினேன். கற்பூரவள்ளி பழையபடி ஆக்கி, "சான்று?" என்று ஒரே சொல்லில் கேட்டார்.

"ஒரு ஆளு சொன்னா நம்ப மாட்டான். நாலு பேரு சொன்னா நம்பித்தான ஆகணும்? வேற வேற பேருல போடு" என்றார் சார்.

'மலைக்கோட்டை வாசகன்', 'உண்மை விரும்பி', 'குடும்பத்தலைவி' என்று மூன்று பேரைப் பெற்றெடுத்தேன். வாசகனுக்குக் கோபக்காரச் சுபாவம் கொடுத்தேன். உண்மை விரும்பி திருக்குறள் சொல்பவர். குடும்பத்தலைவி, "என் தங்கை அதே விடுதியில் இருக்கிறாள், கதவுதான்" என்று கண்ணீர் விட்டாள். நாற்பது நிமிடத்தில் நான்கு பேரும் ஒருவரையொருவர் ஆமோதித்துக்கொண்டோம்.

நன்றாக எழுதினேன். அதுதான் கேவலம்.

ஜூன் 21, சனி

பிடிபட்டேன்.

"தாழம்பூ, மலைக்கோட்டை வாசகன், உண்மை விரும்பி, குடும்பத்தலைவி ஆகிய நால்வரும் ஒரே கணினியிலிருந்து, ஒரே மணி நேரத்தில் எழுதியிருக்கிறார்கள். முன்பு விளம்பரம் இட்ட 'அருள்வடிவு மில்ஸ்' பயனரும் அதே கணினிதான். எல்லாக் கணக்குகளும் தடை செய்யப்படுகின்றன. அந்த இணைய இணைப்பிலிருந்து மூன்று மாதத்துக்கு யாரும் எழுத முடியாது. செய்தியில் சர்ச்சை இருப்பதால், போதுமான சான்று வரும்வரை அது மறைத்துவைக்கப்படுகிறது. – கற்பூரவள்ளி."

கீழே தனியாக ஒரு வரி: "பஸ் நிறுத்தச் செய்தியை நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது."

சார் இதையெல்லாம் படிக்கவில்லை. 'மறைத்துவைக்கப்படுகிறது' என்பதை மட்டும் படித்தார். "பாத்தியா! காரியம் ஆச்சுல்ல?" என்று கேன்டீனிலிருந்து எனக்கு ஜிலேபி வரவழைத்தார். சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 23, திங்கள்

மாலை ஏழு மணிக்கு மாரிச்செல்வி என் அறைக்கு வந்தாள். இசக்கியின் ஊர்க்காரி, இரண்டு பேருக்கும் ஒரே கார்டிங், ஒரே ஷிஃப்டு. கைப்பேசியை நீட்டினாள்.

"ஏக்கா, இதப் பாருங்க. நான் பக்கத்துலயே நின்னேம்லா. பஞ்சு சுத்திக்கிட்டு, மிஷின நிறுத்தாம தொடைக்கச் சொன்னாவ. அத எழுதலாம்னு பாத்தா உள்ள விடமாட்டேங்கு. 'இந்த இணைப்பிலிருந்து எழுதத் தடை'ங்கு. நாங்க என்னக்கா செஞ்சோம்?"

விடுதிக்கும் ஆபீசுக்கும் ஒரே இணைப்பு. எனக்குப் போட்ட பூட்டு முந்நூறு பேருக்கும் சேர்த்து விழுந்திருக்கிறது.

"தெரியலயே" என்றேன்.

"ஒங்க போன்ல சிம்மு இருக்குல்லாக்கா? அதுல இருந்து போடுதேன். அஞ்சு நிமிசம்."

தடை போட்ட இணைப்பில் இருப்பவர் வேறொருவர் கைப்பேசி வழியாக எழுதினால் அதுவும் விதிமீறலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அவளுடைய சொல்லும் கெட்டுப்போகும் என்று விளக்கமாகச் சொன்னேன். விதி அப்படித்தான் இருக்கிறது, நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. "சரிக்கா" என்று போய்விட்டாள்.

விதியை இவ்வளவு மதிக்கிறவள் நான் என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 25, புதன்

இசக்கியை மருத்துவமனையிலிருந்து நேராக ஆபீசுக்கே அழைத்துவந்தார்கள். அவள் அப்பா வந்திருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருந்தார். நான் டைப் செய்த தாளை சார் நீட்டினார். விடுதியில் என் கவனக்குறைவால் கதவில் கை நசுங்கியது, சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு நிற்கிறேன், மில் மீது எந்தப் புகாரும் இல்லை.

"கையெழுத்துப் போட்டாத் துணிமணி எடுத்துட்டுப் போயிரலாம்" என்றார் சார்.

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு வாசிக்கத் தெரியாதுய்யா. எந் தம்பிய கூட்டிட்டுத் திங்கக்கிழம வாரேன்" என்றார்.

"அப்ப புள்ள இங்கயே இருக்கட்டும்" என்றார் சார்.

அவர் போன பிறகு இசக்கி என் மேஜைக்கு வந்தாள். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். குரலில் கோபமே இல்லை.

"ஏக்கா, தாள்ல கதவுன்னு இருக்கே. எந்தக் கதவுக்கா?"

எந்தக் கதவு என்று சார்கூட யோசித்திருக்க மாட்டார்.

ஜூன் 26, வியாழன்

பாங்க் வேலைக்கு வேண்டும் என்று சர்டிபிகேட்டைக் கேட்டேன். "எந்த பாங்க்கும்மா? மூணு வருசம் முடியட்டும், நானே உங்கம்மா கையில குடுக்கறேன்" என்று சிரித்தார். இன்னும் ஒன்பது மாதம்.

ஜூன் 27, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் தடை அறிவிப்பை முழுதாகப் படித்தேன். இத்தனை நாள் அவமானத்தில் மேல் பாதியோடு நிறுத்தியிருந்தேன். கீழே இருக்கிறது: தடை செய்யப்பட்டவர் வேறெங்கும் எழுத முடியாது, தன் பேச்சுப் பக்கத்தில் மட்டும் எழுதலாம், தடையை நீக்கக் கோருவதற்காக. கோரிக்கையில் நீங்கள் யார், யாரிடம் சம்பளம் வாங்குகிறீர்கள், என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். சொன்னது அந்தப் பக்கத்தின் பழைய பதிவுகளில் நிரந்தரமாக இருக்கும்.

முந்நூறு பேர் இருக்கிற காம்பவுண்டில் ஒரே ஒரு பக்கம் திறந்திருக்கிறது. அது என்னுடையது.

எழுதிப் பார்த்தேன். 'என் குடும்பச் சூழ்நிலை காரணமாகவும், மேலதிகாரியின் கட்டாயத்தாலும், மன உளைச்சலிலும்' என்று முதல் வரியே மூன்று முழம் போனது. முதலாளியின் தாளைவிட மோசம். அவர் தன்னைப் புகழ்ந்துகொண்டார், நான் என்னைப் பரிதாபப்படுத்திக்கொள்கிறேன். அழித்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது. இதை எழுதினால் வேலை போகும், சர்டிபிகேட் போகும், கரூர் வரனும் போகும். எழுதாவிட்டால் திங்கட்கிழமை இசக்கி கையெழுத்துப் போடுவாள். எந்தக் கையால் போடுவாள்?

ஜூன் 28, சனி

மாரிச்செல்வியைத் துணி காயப்போடும் இடத்தில் பிடித்தேன். நான்கு பெயரும் நான்தான், உன்னை எழுதவிடாமல் செய்ததும் நான்தான் என்று சொன்னேன். அவள் ஈரப் பாவாடையைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குக் கேக்கும்போது தெரியலன்னியளே."

"ஆமா."

"இப்ப எதுக்கு வந்திய?"

நீ பார்த்ததை உன் பெயரோடு எழுதட்டுமா, பெயரில்லாமல் எழுதட்டுமா என்று கேட்டேன். உன் வேலையும் போகலாம் என்றும் சொன்னேன். அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். பிறகு, "பேரப் போடுங்க. பேரில்லாமப் போட்டா அதுவும் நீங்களே எழுதுனதுன்னுல்லா நினைப்பாவ" என்றாள்.

சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரி.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் விடுதி மாடியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து எழுதினேன். என் கைப்பேசி, என் கணக்கு, என் பக்கம். விதி மீறல் எதுவும் இல்லை. போட்டதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

"என் பெயர் சுகந்தி. அருள்வடிவு மில் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். சம்பளம் அங்கேதான் வாங்குகிறேன். இங்கே பணிபுரியவில்லை என்று ஜூன் 6 அன்று நான் சொன்னது பொய். 'அருள்வடிவு மில்ஸ்' உட்பட, தடை செய்யப்பட்ட ஐந்து கணக்குகளும் என்னுடையவை.

ஜூன் 18 மாலை தொழிலாளி இசக்கியம்மாளின் கையில் அடிபட்டதை நான் கண்ணால் பார்க்கவில்லை. நான் பார்த்தது இது: 'கார்டிங் 3, மாலை 4.20, வலது கை' என்று மேஸ்திரி எழுதிய சீட்டு என்னிடம் வந்தது. விடுதிக் குளியலறைக் கதவு என்று பதியும்படி மேலாளர் தண்டபாணி சொன்னார். அப்படியே பதிந்தேன். சீட்டைக் கிழித்தது நான்.

கார்டிங் எந்திரத்தை நிறுத்தாமல் துடைக்கச் சொன்னதாகவும், அப்போது கை உள்ளே இழுக்கப்பட்டதாகவும், அருகில் நின்ற தொழிலாளி மாரிச்செல்வி கூறுகிறார். நிர்வாகத்தின் தரப்பு இதற்கு வேறாக இருக்கும். அதை அவர்களிடம் கேட்டுச் சேர்க்கவும்.

என் தடையை நீக்க வேண்டாம். விடுதி இணைப்பின் தடையை மட்டும் நீக்குங்கள். மற்றவர்கள் எதுவும் செய்யவில்லை."

பொத்தானை அழுத்தினேன். கீழே வந்து இரண்டு வாளித் துணி துவைத்தேன். அழுக்கே இல்லாத துணிகளையும் துவைத்தேன்.

ஜூன் 30, திங்கள்

காலை ஒன்பதே காலுக்கு ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"வணக்கம்மா. மேனேஜர் தண்டபாணி இருக்காருங்களா? பொதுப்பலகையிலருந்து பேசறேன். பதினெட்டாந் தேதி விபத்தப் பத்தி நிர்வாகத்தோட பதில் வேணும்."

கற்பூரவள்ளி. ஆணோ பெண்ணோ, மீசை வைத்த வாத்தியாரோ என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். கடைசியில் அடுப்படியில் நின்று பேசும் ஓர் அம்மா.

"நீங்க யாரும்மா பேசறது?" என்று கேட்டார்.

"ஆபீஸ் கிளார்க்குங்க" என்றேன். இன்னொரு விசில் வந்தது.

"சரிம்மா" என்றார், ரொம்ப மெதுவாக. "கேட்டுச் சொல்லுங்க. காத்திருக்கேன்."

சாரிடம் கேட்டேன். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "கதவுதான்னு சொல்லி வையி" என்றார்.

"குளியலறைக் கதவில் நசுங்கியது என்று மேலாளர் தண்டபாணி சொல்கிறார்" என்றேன் போனில். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

பத்து மணிக்கு இசக்கியின் அப்பாவும் சித்தப்பாவும் வந்தார்கள். சித்தப்பா சட்டைப்பையில் கண்ணாடி, கையில் பெரிய கைப்பேசி. சார் தாளை நீட்டினார். சித்தப்பா கண்ணாடியை மாட்டி, அதை வாங்கி ஒரு தடவை படித்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, "இதையும் வாசிச்சிருதேன்யா. பொதுப்பலகைல வந்துருக்காம், பஸ்ஸுல வரும்போது எங்கூர்க்காரப் பையன் அனுப்புனான்" என்று சொல்லிச் சத்தமாகவே படித்தார். பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல, நிறுத்தி நிறுத்தி.

"விபத்து கார்டிங் பிரிவில் நடந்ததாக, உடனிருந்த தொழிலாளி மாரிச்செல்வி கூறினார். அதை விடுதி விபத்தாக மாற்றிப் பதிந்ததாக, பதிவைத் தயாரித்த மில் எழுத்தர் சுகந்தி கூறினார். குளியலறைக் கதவில் நடந்த விபத்து என்று மேலாளர் தண்டபாணி கூறினார்."

இசக்கி சுவரோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நன்றி என்றெல்லாம் இல்லை, வெறுமனே பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். "தாயி, ஒந் துணிமணிய எடு. ஆய்வாளர் ஆபீசு எங்கன இருக்குன்னு கேட்டுக்கிடுவோம்" என்றார். மேஜைமேல் தாள் அப்படியே கிடந்தது. தடுக்க சார் எழுந்தார். சித்தப்பா கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடியே, "நீங்க சொல்லுததயும் போட்டுருக்காவய்யா, ஒண்ணும் விடல" என்றார். சார் உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான்.

அவர்கள் போனதும் சார் என் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். காது மடல் சிவந்திருந்தது. செய்தி திரையில் இருந்தது. நாற்காலியோடு என்னை அதன் முன்னால் இழுத்தார்.

"அழி" என்றார். "இப்பவே அழி. நீதான எழுதுன? நீயே அழி."

செய்திக்குமேல் இருக்கும் 'திருத்து' என்ற பொத்தானை, அவர் பார்க்கும்படி அழுத்தினேன். சிவப்புக் கட்டம் வந்தது.

"முடியாது சார். என்னைத் தடை பண்ணிட்டாங்க. இந்த ஆபீசுல இருந்து யாராலயும் முடியாது. நாலு பேருல எழுதச் சொன்னீங்கல்ல, அதுக்கு."

அவர் கட்டத்தை இரண்டு முறை படித்தார். பிறகு அவரே மௌஸைப் பிடுங்கி அந்தப் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். நான் எழுந்து அவருக்கு நாற்காலியைக் கொடுத்தேன்.